நெதர்லாந்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி இது: "கோவையில் மெக்கட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். ஐந்தோவனில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். நான் சைவம். கொடுக்கிற பணத்தில் சமாளிக்க முடியுமா? ஆபீஸில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அந்த ஊர்க்காரர்கள் நம்மோடு பழகுவார்களா?"

வாழ்த்துகள் தம்பி. நானும் இதே ஊருக்குப் பயிற்சிக்கு வந்தவன்தான். இப்போது எங்கள் அணிக்கு வரும் பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இங்கே இன்டர்ன்ஷிப்பை 'ஸ்டாஷ்' என்பார்கள், அதைச் செய்கிறவர் 'ஸ்டாஷியேர்'. இனி உங்களையும் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழகுவார்கள், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். நீங்கள் வாய் திறந்து சொல்லாத வரைக்கும் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றே இந்த ஊர் எடுத்துக்கொள்ளும். அதை அக்கறையின்மை என்று நினைக்காதீர்கள். வளர்ந்த ஆளிடம் அவன் கேட்காமல் போய் "சாப்பிட்டாயா, பணம் இருக்கிறதா, தூங்கினாயா" என்று விசாரிப்பதை அவன் காரியத்தில் மூக்கை நுழைப்பதாக நினைக்கிறார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது நம் பழமொழிதான், ஆனாலும் நம் வீடுகளில் அழுவதற்கு முன்பே பால் வந்துவிடும். இங்கே வராது. அறை தேடுவதில் தொடங்கி டாக்டரைப் பார்ப்பது வரை எல்லாவற்றிலும் இதைப் பார்ப்பீர்கள்.

முதல் தலைவலி அறை. நெதர்லாந்து முழுக்க வீட்டுப் பஞ்சம். ஐந்தோவனை ஒட்டிய வெல்ட்ஹோவனில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏ.எஸ்.எம்.எல் நிறுவனம் இருப்பதால் உலகம் முழுவதிலிருந்தும் பொறியாளர்கள் வந்து குவிகிறார்கள், இங்கே நெருக்கடி இன்னும் அதிகம். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறைக்கு மாதம் 500 முதல் 800 யூரோ வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காமர்நெட் போன்ற தளங்களில் விளம்பரம் வரும். மாணவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஒரு மாலையில் விண்ணப்பித்த பலரையும் வரவழைத்து, ஆளுக்கு ஒரு பானம் கொடுத்து, பேசிப் பார்த்து, பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி மட்டும் இருக்காது. கோவையிலிருந்து நீங்கள் வீடியோ அழைப்பில்தான் கலந்துகொள்ள முடியும். அங்கே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தால் வேலைக்காகாது. நன்றாகச் சமைப்பேன், கழிவறை கழுவும் முறை வந்தால் தப்பிக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கும் என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். சில விளம்பரங்களில் 'டச்சுக்காரர்கள் மட்டும்' என்றே போட்டிருக்கும். கோபம் வரும். அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள், அதோடு மல்லுக்கட்டினால் அறை கிடைக்காது.

மோசடியும் தாராளம். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்று யாராவது எழுதினால் அது நூற்றுக்கு நூறு ஏமாற்று. நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். கம்பெனியின் எச்.ஆரிடம் "முதல் மாதத்துக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா, முன்பு வந்த ஸ்டாஷியேர்கள் எங்கே இருந்தார்கள்" என்று இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் பட்டியலே வரும். ஐந்தோவனுக்குள்தான் இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். ஹெல்மண்ட் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், பெஸ்ட் அதைவிடப் பக்கம்.

அறையைப் பேசும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா?" பலர் வாடகைக்கு விடுவார்கள், பதிவுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில், அதாவது கெமேன்டேயில், பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அங்கே பதிந்தால்தான் பி.எஸ்.என் என்ற குடிமக்கள் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் சம்பளக் கணக்கு, வங்கி, காப்பீடு எதுவும் ஒழுங்காக நகராது. கெமேன்டேயில் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது, நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் அந்த நேரத்தை ஊரிலிருந்தே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழை அப்போஸ்டில் முத்திரையோடு, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரையோடு, எடுத்து வாருங்கள். இங்கே வந்தபின் அதற்கு அலைவது பெரிய கொடுமை. முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. மூன்று மாதம் கேட்டால் மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். இங்கே அது வாய்த்துடுக்கு ஆகாது.

விசா வேலையைக் கம்பெனிதான் குடிவரவுத் துறையான ஐ.என்.டியிடம் தொடங்கும். கல்லூரி, கம்பெனி, நீங்கள் என்று மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் தேவை, கல்லூரி அலுவலகத்தை இப்போதே நச்சரிக்கத் தொடங்குங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் வந்தபின் காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். குடியிருப்பு அட்டை கையில் வந்ததும் பின்பக்கம் எந்த வேலைக்கு அனுமதி என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். மாலையில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கோடு வராதீர்கள்.

இப்போது பணம். உள்ளதைச் சொல்கிறேன், பெரும்பாலும் போதாது. படிப்பின் பகுதியாகச் செய்யும் ஸ்டாஷுக்குக் குறைந்தபட்சக் கூலி கட்டாயமில்லை. தொழில்நுட்பக் கம்பெனிகள் சில நூறு யூரோ தருவார்கள், அது அறை வாடகைக்கே சரியாகிவிடும். சாப்பாட்டுக்கு, சமைத்துச் சாப்பிட்டால், 200 யூரோவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பீடு, கைபேசி, எப்போதாவது ரயில். மீதியை வீட்டிலிருந்து வாங்குவதா, உதவித்தொகை தேடுவதா என்பதை விமானச் சீட்டு போடும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கம்பெனியிடமும் கேளுங்கள்: பயணச் செலவு தருவீர்களா, தொகையைக் கொஞ்சம் கூட்ட முடியுமா. முடியாது என்றால் முடியாது என்பார்கள், அதோடு சரி. கேட்டதற்காக உங்களைப் பற்றித் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பணம் என்றதும் டிக்கியைச் சொல்லியாக வேண்டும். 2016-ல் ஏ.பி.என் ஆம்ரோ வங்கி கொண்டுவந்த செயலி அது. நண்பர்களோடு பீட்சா சாப்பிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "உன் பங்கு 7 யூரோ 35 சென்ட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி வந்து விழும். நம்மவர்கள் முதல்முறை அடிபட்டதுபோல் ஆகிவிடுவார்கள். "நான் போன வாரம் காபி வாங்கிக் கொடுத்தேனே, அதைக் கேட்டேனா?" என்று என்னிடம் புலம்பியவர்கள் உண்டு. இதைக் கஞ்சத்தனம் என்று எழுதித் தள்ளுவது எளிது. நான் பார்த்தவரை, ஒருவருக்கொருவர் கடன்பட்டிருக்கும் சங்கடம் வேண்டாம் என்பதுதான் அவர்கள் எண்ணம். காசு கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுவதால் மாணவனும் மேலாளரும் ஒரே மேசையில் கூச்சமில்லாமல் உட்கார முடிகிறது. நீங்களும் டிக்கி அனுப்பலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு முறை அனுப்பிப் பாருங்கள், பழகிவிடும்.

ஆபீஸுக்கு வருவோம். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இயக்குநராக இருந்தாலும் பெயர்தான். சார், மேடம் என்றால் கிண்டல் செய்கிறீர்களோ என்று பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரு வழிகாட்டி இருப்பார், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குவார். அந்தக் கூட்டத்தை அவர் நடத்துவார் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது, நடத்த வேண்டியது நீங்கள். என்ன முடித்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், எதில் உங்கள் முடிவு வேண்டும் என்று எழுதி எடுத்துப் போங்கள். நம் பிள்ளைகளில் அறிவில் குறைந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வாரம் ஒரே சிக்கலில் தவித்துவிட்டு, கேட்டால் "ஆல் குட்" என்று சொல்லுகிறவர்கள் நிறைய. கேட்டால் திறமையில்லை என்று நினைப்பார்களோ என்ற பயம். இங்கே கணக்கு தலைகீழ். கேட்காமல் இரண்டு வாரத்தை வீணாக்கியதைத்தான் குறையாக எழுதுவார்கள்.

இன்னொன்று, தலையாட்டல். நாம் ஆமோதித்துத் தலையை இப்படியும் அப்படியும் அசைப்பது இவர்களுக்கு 'இல்லை' மாதிரியோ 'தெரியவில்லை' மாதிரியோ தெரியும். "யெஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். புரியவில்லை என்றாலும் அப்படியே சொல்லுங்கள்.

விமர்சனம் நேராக வரும். "இந்த வரைபடம் சரியில்லை, காரணம் இது" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வார்கள், ஐந்து நிமிடம் கழித்து அதே ஆள் உங்களுக்குக் காபி எடுத்து வந்து கொடுப்பார். சொன்னது வரைபடத்தைப் பற்றி, உங்களைப் பற்றி அல்ல. நீங்களும் அவருடைய யோசனையில் ஓட்டை இருந்தால் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றே எதிர்பார்ப்பார்கள். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. வெளிப்படையாகப் பேசுகிறேன் என்ற பெயரில் வெறும் மரியாதைக்கேடாக நடக்கிறவர்களும் எல்லா ஊரிலும் போல இங்கேயும் இருக்கிறார்கள். அப்படி யாராவது உங்கள் உச்சரிப்பையோ ஊரையோ கிண்டல் செய்தால், "அது எனக்குப் பிடிக்கவில்லை" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் உடனே நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். பாதியில் ஒரு மதிப்பீடு, இறுதியில் ஒன்று, பத்துக்கு இத்தனை என்று போடுவார்கள். பத்து என்பதை ஏறக்குறைய யாருக்கும் போட மாட்டார்கள், ஒன்பதே அபூர்வம். எட்டு என்றால் மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். ஏழரை வாங்கியதற்கு அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கண்கலங்கிய ஒரு பையனிடம், எங்கள் அணியின் டச்சுக்காரர்கள் பலர் ஏழோடு பட்டம் வாங்கி மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் கல்லூரிக்கு மதிப்பெண் போகிறது என்றால், டச்சு அளவுகோலை விளக்கி ஒரு வரி சேர்த்து எழுதும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள், எழுதித் தருவார்.

நேரம் இவர்களுக்குப் புனிதம். ஐந்தரைக்குமேல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் உழைப்பாளி என்று பெயர் வராது, வேலையைத் திட்டமிடத் தெரியவில்லையோ என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் விகிதம் இங்கேதான் மிக அதிகம். வாரம் நான்கு நாள் வேலை, ஒரு நாள் பிள்ளையோடு என்று இருக்கும் அப்பாக்கள் சாதாரணம். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் புதன்கிழமை மதியம் விடுமுறை, அதனால் அன்றைக்கு மதியம் கூட்டம் வைக்கப் பார்க்காதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். என்ன நோய் என்று முதலாளி கேட்க இங்கே சட்டமே இடம் தராது. "கெட் வெல் சூன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதியச் சாப்பாடு உங்களுக்கு முதல் வாரம் சோதனையாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ரொட்டி, அதன்மேல் சீஸ், கூடவே ஒரு குவளை மோர். பெரியவர்கள்கூட ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாக்லேட் தூவல் போட்டுச் சாப்பிடுவார்கள், அதன் பெயர் ஹாகல்ஸ்லாக். சூடான சாப்பாடு மாலை ஆறு மணிக்கு, ஒரு வேளைதான். நீங்கள் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகலாம், மைக்ரோவேவ் இருக்கும், யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். "இது என்ன" என்று கேட்டால் ஒரு கரண்டி கொடுத்துப் பாருங்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும். சாப்பிட்டு முடித்ததும் கூட்டமாகக் கட்டிடத்தைச் சுற்றி ஒரு நடை போவார்கள். மழை தூறினாலும் போவார்கள். அந்த நடையில் கட்டாயம் சேர்ந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் பேசாத விஷயமெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். காபி எடுக்கப் போகும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் "உனக்கு வேண்டுமா" என்று கேட்டுவிட்டுப் போவதும் எழுதாத சட்டம். தனக்கு மட்டும் எடுத்து வருகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு 'ஃப்ரைமிபோ'. வார முடிவில் சேர்ந்து நின்று பீர் குடித்துப் பேசுவது. குடிக்க மாட்டேன் என்றால் பழச்சாறோ ஆல்கஹால் இல்லாத பீரோ எடுத்துக்கொள்ளலாம், வற்புறுத்த மாட்டார்கள். தட்டில் வரும் உருண்டை வறுவலைப் பார்த்து உருளைக்கிழங்கு போண்டா என்று கை வைத்துவிடாதீர்கள். பிட்டர்பாலன் என்ற அதற்குள் மாட்டிறைச்சிக் கூழ். காய்கறி வகையும் உண்டு, கேட்டு எடுங்கள். சைவத்தைக் கறாராகப் பார்ப்பவர் என்றால் சீஸில் ஒரு சிக்கல்: பல வகைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள், உறையில் படித்துப் பாருங்கள். மற்றபடி சைவத்துக்கு இந்த நாடு எளிது. இந்தோனேசியா 300 ஆண்டுக்கும் மேல் டச்சுக்காரர்களோடு கட்டுண்டு கிடந்ததால் டெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி, டோஃபு, சம்பால் என்ற மிளகாய் விழுது எல்லாம் சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும்.

நம் சாமானுக்கு ஐந்தோவனின் வூன்செல் பகுதியில் க்ராய்ஸ்ட்ராட் தெருவுக்குப் போங்கள். துருக்கிக் கடையில் பருப்பும் கொத்தமல்லியும் மலிவு. 'டோக்கோ' என்ற ஆசியக் கடைகளில் பாகற்காய், காராமணிக்காய், முருங்கைக்காய் கிடைக்கும். அவை இங்கே வந்த வழி சுவாரசியம். 1873-ல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை தென் அமெரிக்காவில் அப்போது டச்சுக் குடியேற்றமாக இருந்த சுரினாமுக்கு ஏற்றிப்போனது. 1975-ல் சுரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அவர்களின் வாரிசுகள் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தார்கள், குறிப்பாக ஹேக் நகரத்துக்கு. அவர்கள் சமையலுக்காக வந்த காய்கள்தான் நம் சாம்பாருக்கும் ஆகின்றன. ஒரு சனிக்கிழமை ஹேக் சந்தைக்குப் போய் வாருங்கள், பை நிறையும். தாளிக்கும்போது மட்டும் எச்சரிக்கை. 2022 ஜூலை முதல் எல்லா வீட்டிலும் மாடிக்கு ஒரு புகை அலாரம் கட்டாயம், காய்ந்த மிளகாய் கருகினால் வீடே அலறும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, பிறகு தாளியுங்கள். குக்கர் கொண்டுவருவதானால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும் ஸ்டீல் குக்கராகப் பாருங்கள், அலுமினியத்தை இங்குள்ள பல அடுப்புகள் சீண்டவே சீண்டாது.

சைக்கிள் இல்லாமல் இந்த ஊரில் வாழ முடியாது. மார்க்ட்பிளாட்ஸ் தளத்தில் பழையது வாங்கலாம். மாத வாடகைக்கு என்றால் ஸ்வாப்ஃபீட்ஸ் இருக்கிறது: முன்சக்கர டயர் நீலமாக இருக்கும், பழுதானால் வந்து சரிசெய்து தருவார்கள். ஆறு மாதத்துக்கு அதுவே நிம்மதி. தெருவில் யாராவது 20 யூரோவுக்கு நீட்டினால் திருட்டு வண்டி, வாங்குவதும் குற்றம். பல வண்டிகளில் கைப்பிரேக் இருக்காது, மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும். இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் அபராதம். கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதற்கும் 2019 ஜூலையிலிருந்து அபராதம். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவது அடிப்படை விதி. சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருந்தால் அவற்றின் கூர்முனை யாரைப் பார்க்கிறதோ அவர் வழிவிட வேண்டும். ஊரில் ஹாரன் அடித்து இடம் வாங்கிய பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நடப்பவராக இருந்தாலும் சிவப்பு நிறச் சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். டச்சுக்காரர்கள் உண்மையாகவே கத்துவது அப்போதுதான்.

ரயிலில் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், இறங்கும்போதும் தட்ட மறக்கக் கூடாது. மறந்தால் என்.எஸ் என்ற தேசிய ரயில் நிறுவனத்தின் வண்டியில் 20 யூரோ போய்விடும், திரும்பப் பெற இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்துக்கு 40 சதவீதம் தள்ளுபடி தரும் சந்தா ஒன்று உண்டு. வார இறுதிகளில் ஊர் சுற்றினால் சீக்கிரமே முதல் திரும்பிவிடும்.

டாக்டர் விஷயத்தில் ஊரில் பழகியதை மறந்துவிடுங்கள். நேராக நிபுணரிடமோ பெரிய மருத்துவமனைக்கோ போக முடியாது. ஹவுஸ்ஆர்ட்ஸ் என்ற குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தபின் தேடினால் "புது ஆட்களைச் சேர்க்கவில்லை" என்பார்கள். போன் செய்தால் உதவியாளர் கேள்வி கேட்டு, பலரை "பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். ஆன்டிபயாட்டிக்கை மிகக் குறைவாகத் தரும் ஐரோப்பிய நாடுகளில் இது ஒன்று, அது நல்லதுதான். ஆனால் உண்மையிலேயே முடியவில்லை என்றால் சொல்லும் விதம் முக்கியம். "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று பணிவாகச் சொன்னால் கொஞ்சம் என்றே குறித்துக்கொள்வார்கள். எத்தனை நாளாக, எத்தனை டிகிரி, எதைச் செய்ய முடியவில்லை என்று அடித்துச் சொல்லுங்கள், அன்றைக்கே வரச் சொல்வார்கள். இரவிலும் வார இறுதியிலும் அதற்கென்று தனி மருத்துவ மையம் இருக்கிறது, உயிர் ஆபத்து என்றால் 112.

காப்பீட்டில் ஒரு பொறி. கம்பெனி தரும் பணம் குறைந்தபட்சக் கூலியை எட்டினால் டச்சு அடிப்படைக் காப்பீடு கட்டாயம், அதில் ஆண்டுக்கு முதல் 385 யூரோ உங்கள் கைக்காசு. அதற்குக் கீழே என்றால் பயிற்சி மாணவர்களுக்கான தனியார் காப்பீடு போதும். ஆனாலும் கெமேன்டேயில் பதிந்த சில வாரத்தில் சி.ஏ.கே என்ற அமைப்பிடமிருந்து "நீங்கள் காப்பீடு எடுக்கவில்லை" என்று டச்சில் ஒரு கடிதம் வரலாம். குப்பையில் போட்டுவிட்டால் அபராதத்தில் முடியும். ஸ்டாஷ் ஒப்பந்தத்தின் நகலோடு பதில் அனுப்புங்கள். பொதுவாகவே இந்த நாட்டில் தபால் பெட்டியை மதிக்கப் பழகுங்கள், அரசாங்கம் இன்னும் கடிதம் போடுகிறது. புரியாத கடிதத்தை ஆபீஸுக்கு எடுத்துப் போய் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினால் சந்தோஷமாகப் படித்துச் சொல்வார்.

நட்பு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். "ஒருநாள் சாப்பிடலாம்" என்று சொன்னால் உடனே நாள்காட்டியைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைக் குறிப்பார்கள். உங்களுக்கு அது தட்டிக்கழிப்பது போல இருக்கும். குறித்தது நடக்கும், அந்த வியாழக்கிழமை கொட்டும் மழையிலும் வந்து நிற்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்காரக் கூடாது. அவருடைய அம்மா, அக்கா, காதலி, பாட்டி எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு துண்டு கேக் வரும். உங்கள் பிறந்தநாளுக்கு ஆபீஸுக்கு கேக் வாங்கிப் போக வேண்டியது நீங்கள்தான். யாரும் கொண்டாடவில்லையே என்று சோர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள், இவனுக்குக் கொண்டாட விருப்பமில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்களோடு ஒட்ட நல்ல வழி ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்வது. விளையாட்டு, பாட்டு, சதுரங்கம் என எல்லாவற்றுக்கும் சங்கம் வைத்திருக்கிறார்கள், மாலையில் கூடுவார்கள், பாதி வேலையைத் தன்னார்வலர்களே செய்வார்கள். சேர்ந்த பிறகு ஒருநாள் சங்கத்தின் தேநீர்க் கடையில் பரிமாற முன்வந்தால் உங்களை எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிரிக்கெட் ஆடுவீர்கள் என்றால் இன்னும் நல்லது. 2023 உலகக் கோப்பையில் தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவைச் சாய்த்த அணி இவர்களுடையது, உள்ளூர்க் கிளப்புகளில் தெற்காசியப் பையன்கள் நிறைய. டச்சு மொழி தேவையா என்றால், ஆபீஸில் ஆங்கிலமே போதும். ஆனால் மதிய மேசையில் நாலு பேர் டச்சில் சிரிக்கும்போது நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நூலகத்தில் நடக்கும் மொழிப் பேச்சு வட்டத்துக்கு வாரம் ஒருமுறை போங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவுவார். "டச்சிலேயே பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் பேசுவார்.

ஐந்தோவனில் தமிழர்களுக்கும் பஞ்சமில்லை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுவார்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்கள் வடகோடியில் டென் ஹெல்டரில் செல்வவிநாயகர் கோயில் கட்டியிருக்கிறார்கள். ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஒருமுறை போய் வாருங்கள். ஆனால் ஆறு மாதமும் தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே கழித்துவிட்டுத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குக் கோவையே போதும் என்பது என் கருத்து.

நவம்பர் முதல் மனம் கனக்கும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும், வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. குளிரைவிடக் காற்றும் சாரலும்தான் படுத்தும். குடை ஒரு வாரம் தாங்காது, மழைக்கால்சட்டையும் மழைச்சட்டையும் வாங்குங்கள். எப்போது கிளம்பினால் நனையாமல் போகலாம் என்று பாயன்ராடார் செயலி சொல்லும், ஊரே அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. மதிய நடையைத் தவறவிடாமல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பல வாரமாக மனம் எழும்பவே இல்லை என்றால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், இங்கே அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

நீங்கள் வரும் காலத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. அக்டோபரில் டச்சு வடிவமைப்பு வாரம், நவம்பரில் ஊரெங்கும் ஒளிச் சிற்பங்கள் வைக்கும் குளோ விழா, டிசம்பர் 5-ல் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் சின்டர்கிளாஸ் திருநாள். அதற்கான மசாலா பிஸ்கட் செப்டம்பரிலேயே கடையில் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். பிப்ரவரியில், சில ஆண்டுகளில் மார்ச்சில், வேடமிட்டு ஆடும் கார்னவால் திருவிழா. இது தெற்குப் பகுதியின் கத்தோலிக்க வழக்கம், ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு ஒட்டாது. அந்த நாட்களில் ஊர்ப் பெயரே மாறிவிடும்: ஐந்தோவன் 'லாம்பகாட்' ஆகும், பக்கத்து நகரமான டென் போஸ் 'ஊட்டல்டாங்க்' ஆகும். எப்போதும் நாள்காட்டியோடு அலையும் உங்கள் மேலாளர் விவசாயி வேடத்தில் பித்தளை வாத்தியக் குழுவின் பின்னால் ஆடிப்போவார். அன்றைக்கு முன்பதிவெல்லாம் தேவையில்லை, வேடம் மட்டும் போதும். ஆறு மாதத்தில் ஒரு நாளைத்தான் ஆட்டத்துக்கு ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

கிளம்பும்போது செய்ய வேண்டியவை: போகிறேன் என்று கெமேன்டேயில் பதிவை நீக்குங்கள், இல்லாவிட்டால் கடிதங்கள் தொடரும். காப்பீடு, கைபேசி, சைக்கிள் எல்லாவற்றையும் எழுத்தில் ரத்து செய்யுங்கள். வந்த அன்றே அறையைப் படம் எடுத்து வைத்திருந்தால் முன்பணத்தில் தகராறு வராது. கழிக்க ஒன்றும் இல்லை என்றால் 14 நாளுக்குள் வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும், வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள். இங்கேயே வேலைக்குத் திரும்ப ஆசை இருந்தால் கடைசி மாதம்வரை காத்திருக்காமல் நான்காவது மாதத்திலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். படிப்பு முடித்தவர்களுக்கு ஓராண்டு வேலை தேடும் அனுமதி ஒன்று உண்டு, ஆனால் அது டச்சுப் பட்டத்துக்கோ உலகத் தரவரிசையில் முதல் 200-க்குள் வரும் பல்கலைக்கழகப் பட்டத்துக்கோதான். ஸ்டாஷ் செய்தது மட்டும் அதற்குத் தகுதி ஆகாது. உங்களை அழைக்க கம்பெனி ஐ.என்.டியில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்ப்பட்டியல் ஐ.என்.டி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.